நிலைக்கிற தண்ணி

களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்தில்
அன்றைக்கு மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள்.
உறுதியில் நான்கு எல்லை:
வடக்கே சாமித்தம்பி மருமகளின் தென்னங்காணி,
கிழக்கே ஒழுங்கை, தெற்கே முள்வேலி,
மேற்கே களப்பு.

மூன்று எல்லைக்கும் வழக்கில்லை.
நாலாவது
ஆவணியில் எழும்பி நடந்து போகும்,
கார்த்திகையில் திரும்பி வந்து படுக்கும்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
கரையோரத் திணைக்களத்து அதிகாரி கொழும்பிலிருந்து வந்திருந்தார்,
சிங்களத்தில் சாட்சி. 'கலபுவ' என்றார்.
நான் 'களப்பு' என்றேன்.
வாலை மட்டும் நறுக்கினேன்,
இதற்கும் சம்பளம் தருகிறார்கள்.
எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு அந்தச் சொல் போனது
என்று ஒருவரும் கேட்கவில்லை.
நண்டுக்கு எது சொந்த ஊர்?

எதிராளியின் சட்டத்தரணி அகராதி கொண்டுவந்திருந்தார்,
நடுவில் பஸ் ரிக்கெற் செருகி.
"ஆழமில்லாத கடல் என்று போட்டிருக்கிறது, கனம் நீதிபதி அவர்களே.
அந்த இடத்தில் ஆவணியில் மாடு படுக்கிறது.
மாடு படுக்கிற இடம் கடலா?
என் கட்சிக்காரர் கிரவல் கொட்டியது
நிலத்தின் மேல்."

சீனித்தம்பி நேசமலர்.
கையால் தடவி இறால் பிடிப்பவர்.
கூண்டில் ஏறியதும் கீழே பார்த்தார்,
பலகை இருக்கிறதா என்று காலால் தடவுவதுபோல.
"மாடு படுத்தது மெய்தான் ஐயா.
மறுகா மார்கழியில வந்து
அதே மாட்டைக் கேளுங்க."
பின்வாங்கில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

"களப்பு எண்டா என்ன? உங்கள் வாயால் சொல்லுங்கள்."

"நிலைக்கிற தண்ணி."

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.
நான் வாயைத் திறந்தேன், மூடினேன்.
கால் ஊன்றினால் தரை கிடைக்கும் தண்ணீர்,
கழுத்துவரை வந்தாலும் ஆளைக் கைவிடாத தண்ணீர்
என்று சுற்றிவளைத்து ஒரு வாக்கியம் கட்டினேன்.
அவர் தலையாட்டி, 'ஆழமற்றது' என்று எழுதிக்கொண்டார்.
அது இல்லை.
ஆழமற்றது என்பது தண்ணீரைப் பற்றிய பேச்சு,
அந்த மனுசி சொன்னது காலைப் பற்றி.

பிற்பகல் தட்டச்சுப் பிரதி வந்தது.
ஏழு இடத்தில் 'கலப்பு'.
சிவப்புப் பேனையை எடுத்தவள் கொஞ்சம் நின்றேன்.
முகத்துவாரம் உடைத்தால் உப்பும் நல்ல தண்ணியும்
கலக்கிற இடம்தானே,
பிழை என்று எப்படிச் சொல்வது?
பிறகு ஏழையும் திருத்தினேன்.
அரச ஊழியர் ள-வுக்குப் பொறுப்பு.

மட்டு என்றால் அளவு.
வள்ளத்தில் வந்தவன் கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு
"களப்பு இம்மட்டும்தான்" என்று சொன்னதில்
எங்கள் ஊர்ப் பெயர் பிறந்தது என்பார்கள்.
இருக்கலாம். சேறும் சதுப்பும் என்பாரும் உண்டு.
சொல்லுக்கு யாரிடம் இருக்கிறது பிறப்புச் சான்றிதழ்?

வழக்கைத் தள்ளிப் போட்டார்கள்.
நான் அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன்,
வேண்டுமென்று.
கிரவல் மேட்டைத் தாண்டி
சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
கணுக்கால். கெண்டைக்கால்.
சேறு விரலிடுக்கில் ஏறியது, இளஞ்சூடு.
இன்னும் ஒரு எட்டு வைத்தபோது
பின்னாலிருந்து ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது.

"அங்கால போகாதீங்க, மிஸ்.
பெக்கோ போட்டு இதுக்குள்ள அள்ளித்தான்
அங்க முதல் கொட்டின. கிரவல் பிறகுதான்.
இருவது அடி பள்ளம். நிலைக்காது."

நேசமலர் கையை விடவில்லை.
தண்ணீர் மேலே ஒரே நிறமாகத்தான் கிடந்தது.
களப்புக்குள் நிலைக்காத இடம்:
மூன்று பாசையிலும் தேடினேன்,
இருவரும் அப்படியே நின்றிருந்தோம்,
முழங்கால் தண்ணீரில்.

அடுத்த தவணை மாசி பதினாலு.